தரை படாத தலை

சோளங்குடி விலக்கில் ஒருமுறையாவது பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிழல் என்று சொல்லிக்கொள்ள அழகரின் டீக்கடைத் தகரமும், சீனித்தாய் தன் கொய்யாக் கூடைக்கு மேலே விரித்து வைத்திருக்கும் பெரிய குடையும் தவிர வேறொன்றும் கிடையாது. நாலுவழிச் சாலை போட வந்தவர்கள் புளியமரங்களை வெட்டிக்கொண்டு போய், அவை நின்ற இடத்தில் வெயிலை நட்டுவிட்டுப் போனார்கள். அந்த வெயில் நன்றாக வேர்பிடித்து வளர்ந்திருந்த ஒரு பங்குனி மாதத்து மத்தியானத்தில்தான் சீனித்தாயின் மடியில் ஒரு தலை வந்து சேர்ந்தது. சேர்ந்த தலை, அடுத்த பங்குனி வந்து, அதற்கடுத்த பங்குனியும் வந்து போகிற வரைக்கும் அவள் மடியையும் அந்த ஊர்ப் பெண்களின் மடிகளையும் விட்டு இறங்கவில்லை.

நடந்தது என்னவோ எல்லாச் சாலையிலும் நடப்பதுதான். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த பைக்கை ஒரு கார் தட்டியது. தட்டிய கார் நிற்கவில்லை. தட்டாத வண்டிகள் எல்லாம் நின்றன. மதுரை போகிற பஸ் நின்று, அதிலிருந்து கண்டக்டர் இறங்கி, கண்டக்டருக்குப் பின்னால் பாதி பஸ் இறங்கி ஓடிவந்தது; எந்த பாஷை பேசுகிறவன் என்று யாருக்கும் விளங்காத ஒரு லாரிக்காரன் தன் லாரியைக் குறுக்கே திருப்பி நிறுத்தி, பின்னால் வந்தவர்கள் வைத வசவையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டான்; காலேஜுக்குப் போகிற பெண் ஒருத்தி தன் துப்பட்டாவை உருவிக் கொடுத்தாள்; வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சீனித்தாயின் குடையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, கை கடுத்தும் மாற்றாமல், ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்; அழகர் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டுத் தண்ணீரோடு ஓடிவந்தான். சீனித்தாய் எல்லாருக்கும் முந்திப் போய், கொதிக்கிற தார் ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ரத்தம் வடிகிற அந்தத் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கண் சொருகிக் கிடந்தது. துப்பட்டாவால் காயத்தை அமுக்கிப் பிடித்தபடி, ஒண்ணுமில்ல ராசா, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தொடையின் பின்பக்கம் முழுக்கக் கொப்பளித்துப் போனது வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. விடுங்கம்மா, நாங்க பாத்துக்கிடுறோம் என்று அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுற்றி நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, பேர்கூடக் கேட்டுக்கொள்ளாமல், அவரவர் போக வேண்டிய திசைக்குப் பிரிந்துபோனார்கள். பையனின் பேரையும் யாரும் தேடிப் பார்க்கவில்லை. உயிரைப் பிடித்து நிறுத்துகிற அவசரத்தில் பேர் எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு சீனித்தாய் எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்தால் மடியிலிருந்து எதுவோ உருண்டு விழப்போகிறது என்று இருந்தது. கால் மரத்துப் போயிருக்கும் என்று அழகர் கை கொடுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். ரத்தக் கறை தவிர மடியில் ஒன்றும் இல்லை. கையை வைத்தாள். முடி தட்டுப்பட்டது, வேர்வையும் மண்ணும் அப்பிய முடி. அதை அடுத்து நெற்றி, நெற்றியை அடுத்து மூக்கிலிருந்து வருகிற சூடான மூச்சு. பையன் ஆம்புலன்ஸில் போய்விட்டான், அவன் தலையின் கனம் போகவில்லை.

அழகரும் கையை வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கடைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்தான், ஏனென்றால் அப்போதைக்குச் செய்ய வேண்டியது அதுதான். நாலு பேராக அவளை நாற்காலியோடு தூக்கி, சாமி சப்பரம் வருகிற மாதிரி ஊருக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆடு பத்திக்கொண்டு வந்த புருஷன் தங்கச்சாமி விஷயத்தைக் கேட்டுத் தானும் தொட்டுப் பார்த்துவிட்டு, காதுகிட்ட மண்ணா இருக்கு, துடைச்சுவிடு என்று ஈரத்துணி எடுத்துக் கொடுத்தான்.

என்ன அதிசயமாக இருந்தாலும் மனுஷிக்கு ஒதுங்கப் போக வேண்டியிருக்கிறதே. பொழுது சாய்கிற நேரத்துக்குச் சீனித்தாயால் அடக்க முடியாமல் போக, பக்கத்து வீட்டுக் கோட்டூர்க்காரி வந்தாள். வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆகியும் பிறந்த ஊர்ப் பேராலேயே அழைக்கப்படுகிறவள் அவள். தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, கைப்பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையையும் நீட்டினாள். தலை நகர்ந்து அவள் மடிக்குப் போய் அமர்ந்தது. நல்ல கனந்தான் மதினி என்று சொல்லிவிட்டுக் கோட்டூர்க்காரி அதன் நெற்றியைத் தடவிவிட்டாள். இதை மடி மாற்றலாம் என்று ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

கட்டிலில் தலையணை போட்டு அதில் வைத்துவிட்டால் என்ன என்று தங்கச்சாமி கேட்டான். சீனித்தாய் ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். கட்டிலில் வைத்தால் உருளும், உருண்டால் தரையில் விழும். அந்த ஊர்ப் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களைத்தான் கட்டிலிலிருந்து தரையில் இறக்குவார்கள். இறக்கிவிட்டார்கள் என்றால் சொந்தக்காரர்களுக்கு ஆள் போகும், பந்தலுக்குச் சொல்லிவிடுவார்கள். மாமனாரை அப்படி இறக்கியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அவர் வாயில் ஊற்றிய பால் உள்ளே போகாமல் கடைவாய் வழியாக வடிந்தது.

"எங்கயோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல அந்தப் பிள்ள கெடக்கு. இங்க தலை சூடா இருக்கிற வரைக்கும் அங்க உசுரு இருக்கு," என்றாள். "தரையில மட்டும் இறக்கிறாதீக. நான் கேக்கிறது அம்புட்டுத்தான்."

அழகர் மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தான். வீட்டு ஆட்கள் வந்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே பேர் தெரியாத, ஊர் தெரியாத ஒரு பிள்ளையின் உயிர் தங்கள் மடியில் இருப்பதாக சோளங்குடி ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பிறகு அது அப்படி ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

காலையில் சீனித்தாய் மடி, வெயில் ஏறினால் கோட்டூர்க்காரி மடி, அவள் உலை வைக்கப் போனால் எதிர்வீட்டு மடி என்று தலை ஊரைச் சுற்றி வந்தது. நடக்கும்போது நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போனார்கள், உட்கார்ந்ததும் மடியில் கிடத்தினார்கள். அது இருக்கிற வீட்டில் குக்கர் விசில் அடிக்கவிடவில்லை, டிவியில் சத்தம் வைக்கவில்லை, புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூடத் தலை அடுத்த வீட்டுக்குப் போகிற வரைக்கும் தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்ட சண்டை பாதி மறந்தும் போனது. நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கண்மாய்க் கரைக்கும் கொண்டுபோனார்கள். தலையை வைத்துக்கொண்டு வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் வருகை போடத்தான் வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து நின்றதும், மேற்பார்வைக்காரர் தானும் ஒருமுறை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, லேசாக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கே என்று கவலைப்பட்டார். மிளகாய்ப் பழம் எடுக்கிற காலம் வந்தபோது மேலத்தெருவில் சும்மா இருக்கிற மடி ஒன்றுகூட இல்லாமல் போக, இது எந்தச் சாதித் தலையோ என்று அதுவரை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தவர்களே கீழத்தெருப் பெண்களைக் கூப்பிட்டு விட்டார்கள்; தலை மாற்றும்போது தொடையோடு தொடை ஒட்டி உட்காராமல் முடியாது; அப்படி உட்கார்ந்து எழுந்த பிறகு பழைய முறைப்பைத் திரும்ப முகத்தில் ஏற்றிக்கொள்ளக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. அழகர்கூடக் கடை ஓய்ந்த நேரத்தில் வாங்கி வைத்துக்கொள்வான். ஆனால் ஆம்பளை மடியில் அதற்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எத்தனை மடி மாறினாலும் அது சீனித்தாயின் தலைதான். விலக்குக்கும் அவள் அதைக் கொண்டுபோனாள். மடியில் அது கிடக்க, ஒரு கையால் தராசைப் பிடித்துக் கொய்யா நிறுத்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற சொந்த மகன் போன் பண்ணினால், ராசா தூங்குறான், மெதுவாப் பேசு என்பாள். அவன் அங்கே எந்த ராசா என்று கேட்டுக் குழம்பிக்கொண்டிருப்பான்.

சில நேரங்களில் தலை அசையும். லாரி ஹார்ன் அடித்தால் வெடுக்கென்று ஒரு உதறல். வேறு சில நேரங்களில், எதுவும் சத்தமில்லாதபோதே, எழுந்திருக்கப் பார்க்கிறதுபோல மேலே உந்தும். பிள்ளைக்கு ஏதோ கெட்ட கனவு என்று நினைத்து, யார் மடியில் இருக்கிறதோ அவள் தட்டிக்கொடுப்பாள். படு ராசா, படு. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தட்டித் தூங்கவைப்பதில் சீனித்தாய்க்கு இருந்த கைராசி வேறு யாருக்கும் கிடையாது. இரண்டாவது வருஷத்து ஆடியில் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த நாட்களில் அது ஓயாமல் உந்தியது, வேர்த்தது, கண் இருக்கிற இடத்தில் கை வைத்தால் ஈரமாக இருந்தது. கோட்டூர்க்காரி சமாளிக்க முடியாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். சீனித்தாய் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, தொண்டை கட்டுகிற வரை பாடி, கை ஓய்கிற வரை தட்டிக்கொடுத்தாள். கடைசியில் அது களைத்துப்போய் அடங்கியது. அதற்குப் பிறகு அது அந்த மாதிரி உந்தவே இல்லை. நாந்தான் பிடிச்சு நிறுத்தினேன், இல்லேன்னா அந்த ஆடியோட போயிருப்பான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மூன்றாவது வருஷத்துச் சித்திரை. ஊர்ப் பெண்கள் கண்மாய் வேலைக்குப் போயிருந்தார்கள். தங்கச்சாமி ஆட்டோடு காட்டில் இருந்தான். அழகர் கடையைச் சாத்திவிட்டு கேஸ் சிலிண்டருக்காகக் கோவில்பட்டிக்குப் போயிருந்தான். விலக்கில் சீனித்தாயும் குடையும் கூடையும் மடியில் தலையும் மட்டும். அப்போது ஒரு லோடு ஆட்டோ டயர் வெடித்து, ஒருமுறை புரண்டு, குப்புறக் கவிழ்ந்தது. டிரைவர் அசையவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு பெண் இடுப்புவரை மாட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் கையில் பால் குடிக்கிற குழந்தை. டீசல் கொட்டி அவளைப் பார்த்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மா, பிள்ளைய மட்டும் வாங்கிக்கிடுங்க என்று கூப்பிட்டாள்.

சீனித்தாய் முதலில் சாலையைப் பார்த்தாள். வெறிச்சோடிக் கிடந்தது. தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நாலு எட்டு வைத்தாள். ஒற்றைக் கையால் என்ன செய்ய முடியும், வண்டியை நகர்த்த முடியுமா, அந்தப் பெண்ணை இழுக்க முடியுமா. ஊர்ப் பக்கம் திரும்பிக் கோட்டூர்க்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்; ஒன்றரை மைலுக்கு அப்பால் கண்மாயில் இருக்கிறவளுக்கு எப்படிக் கேட்கும். திரும்பக் குடைக்குக் கீழே வந்தாள். குடையின் நிழல் கூடைக்கே போதவில்லை. அம்மா என்று அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள், இந்த முறை குரல் இறங்கியிருந்தது. சீனித்தாய் குனிந்து, வெயில் காய்ந்த வெறும் மண்ணில் தலையை இறக்கி வைத்தாள். வைத்த கையை எடுக்க முடியவில்லை. அய்யா, என்னைய மன்னிச்சிரு என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

குழந்தையை வாங்கி ஓரத்தில் கிடத்தினாள். கூடை தூக்கும் சும்மாட்டுத் துணியையும் குடைக்கு முட்டுக்கொடுத்த கல்லையும் வைத்து என்னென்னவோ செய்து பார்த்தாள். அதற்குள் கார் ஒன்று நின்றது, பின்னால் இன்னொன்று. முன்பின் தெரியாத ஆட்கள் இறங்கி வந்து தோள் கொடுத்து வண்டியைத் தூக்க, அவள் அந்தப் பெண்ணை இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து வெளியே இழுத்தாள். தாயும் பிள்ளையும் டிரைவரும் பிழைத்தார்கள். நீங்க இல்லேன்னா என்னம்மா ஆயிருக்கும் என்று எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கையை உதறிக்கொண்டு குடைக்கு ஓடினாள்.

மண்ணில் ஒன்றும் இல்லை. முழங்காலிட்டுத் தடவினாள். கூடையை நகர்த்திவிட்டுத் தடவினாள். மண் சூடாக இருந்தது, மண்ணின் சூடுதான். கார்களில் வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து, கம்மல் எதும் விழுந்துருச்சாம்மா என்று கேட்டார். அவள் தடவிக்கொண்டே இருக்க, அவர் பேண்ட் அழுக்காவதைப் பார்க்காமல் தானும் முட்டி போட்டு, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே, ஆம்புலன்ஸ் போய் வெகுநேரம் ஆகிற வரைக்கும் அவளோடு சேர்ந்து மண்ணைத் தடவித் தேடினார்.

பெண்கள் கண்மாயிலிருந்து திரும்பியதும், தரையில இறக்கிட்டேன் என்று மட்டும் சொன்னாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். ஊர் துக்கம் காத்தது. அழகர் மொட்டை போட்டுக்கொண்டு, கண்மாய்க் கரையில் பிண்டம் வைத்து, ராசா என்கிற பேரிலேயே கருமாதி செய்தான். இரண்டு தெருவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. பொழைச்சது மூணு உசுரு, அதை நினைச்சுக்கோ என்று தங்கச்சாமி சொல்லிப் பார்த்தான். அவளுக்கு அந்தக் கணக்கு மனசில் ஏறவில்லை. கொய்யா விற்க உட்கார்ந்தால் மடியில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டாள், வெறும் மடியோடு அவளால் உட்கார முடியவில்லை.

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காய்ந்த ஒரு முற்பகலில் மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் ஒருத்தன் வந்து இறங்கினான். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். அழகரிடம் டீ சொல்லிவிட்டு, ரெண்டு வருஷத்துக்கு முந்தி இந்த இடத்துல ஒரு பைக் விபத்து நடந்துச்சாமே, அப்போ தூக்கினவங்க யாரும் இருக்காங்களாண்ணே என்று கேட்டான். அழகர் அவன் நெற்றிக்கு மேலே இருந்த தழும்பைப் பார்த்தான். டீயில் சீனி போட மறந்து, அப்படியே கொடுத்துவிட்டு, பாதி வளர்ந்திருந்த தன் தலைமுடியைத் தடவிக்கொண்டு, அக்கா என்று சீனித்தாயைக் கூப்பிட்டான். உனக்குக் கருமாதியே பண்ணிட்டமேய்யா என்று அவன் உளறியதற்கு, வந்தவன் சிரித்து, சாப்பாடு நல்லா இருந்துச்சா என்று கேட்டான்.

பேர் மரியசெல்வம். திண்டுக்கல் பக்கம். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. சீனித்தாய் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், அவன் முகத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். செத்துப்போனதாக அழுத பிள்ளை முன்னால் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நல்ல கொய்யாவாகப் பார்த்து நறுக்கிக் கொடுத்தாள். அவன் குடைக்குக் கீழே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். எப்பய்யா முழிச்ச என்று கேட்டாள். சித்திரையில என்றான். என்றைக்கு, எந்நேரம் என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் அவனை மண்ணில் இறக்கி வைத்த அதே நேரம்.

"தூங்குனாப்புல இல்லம்மா," என்றான். "யாரோ மடியில படுத்திருந்தேன். ஒருத்தங்க மடி இல்ல, நெறைய மடி. மிளகா வாசம் அடிக்கும், ஆட்டு வாசம் அடிக்கும், கொய்யா வாசம் அடிக்கும். சொகமாத்தான் இருந்துச்சு. எந்திரிக்கணும்னு பாப்பேன், தட்டித் தட்டித் தூங்க வச்சிருவாங்க. அப்புறம் ஒரு நாள் தலைக்கு அடியில தரை வந்துச்சு. சுட்டுச்சு. முழிச்சிட்டேன்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. கதை சொல்கிற மாதிரிதான் சொன்னான். அழகர் கடைக்குள் போய், கழுவின கிளாஸ்களையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தான்.

அம்மா இருக்காகளா என்று சீனித்தாய் கேட்டாள். ஏன் கேட்டோம் என்று கேட்ட பிறகு இருந்தது.

அம்மா போன வருஷத்து ஆடியில் போய்விட்டாள் என்றான். கட்டில் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாளாம். எந்திரி செல்வம், எந்திரிய்யா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாளாம். அதைத் தவிர வேறு பேச்சு இல்லையாம். நெஞ்சு வலி வந்து பக்கத்துக் கட்டிலிலேயே படுக்க வைத்திருந்தார்களாம், அங்கே இருந்தும் கூப்பிட்டாளாம்.

ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் எத்தனை மாசம் என்று அவன் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, பதினாறோ பதினேழோ, எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலம்மா, நான்தான் முழிச்சிருக்கலையே என்றான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது, கேட்கிறவர்களும் இல்லை. ஆனால் சீனித்தாய்க்கு அந்தக் கனம் தெரியும், ஆடிக்காற்றில் அது உந்திய உந்தல் உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

"ஆடியில நீ எந்திரிக்கப் பாத்தய்யா," என்றாள். "விடாமப் பாத்தே. நாந்தான் ரெண்டு கையாலயும் அமுக்கிப் படுக்க வச்சேன். செத்துருவியோன்னு பயந்து, தரையிலயே விடாம வச்சிருந்தேன்."

அவன் சாலையைப் பார்த்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அப்போ அம்மா குரல் நல்லாக் கேட்டுச்சு," என்றான். "அதான்."

அவள் அழுதாள். தெரியாமத்தானம்மா செஞ்சீங்க என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தெரியாமல் செய்ததுதான். அன்பாகச் செய்ததுதான். அந்த அன்புக்கு நடுவில் ஒரு தாய் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள் என்பதும் நடந்ததுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். இன்னும் நேரம் இருக்கு என்றாள். முழித்ததிலிருந்து தனக்குத் தூக்கமே சரியில்லை, கண்ணை மூடினால் திரும்ப முழிப்போமா என்று பயமாக இருக்கிறது என்றான். பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, கொஞ்சம் சாஞ்சுக்கிடவா, பஸ் வந்தா எழுப்பிவிட்டுருங்க என்றான்.

சீனித்தாய் மடியில் கிடந்த துண்டை எடுத்துவிட்டாள். அவன் தலையை வைத்தான். அதே கனம், ஆயிரம் தலைகளுக்கு நடுவில் வைத்தாலும் அவளுக்குத் தெரியும். இந்த முறை முகமும் கண்ணுக்குத் தெரிந்தது, இமைகள் தெரிந்தன, மீசை தெரிந்தது. உடனே தூங்கிவிட்டான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள். லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போக, தலை வெடுக்கென்று உதறியது. அவள் வலது கை தானாக முன்னால் வந்தது, வந்த கையைத் திரும்பப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ராசா என்று வாய்வரை வந்ததையும் விழுங்கினாள்.

தூரத்தில் மதுரைப் பஸ் தெரிந்தது. அழகர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, தூங்கட்டும்க்கா, பாவம், அடுத்த பஸ்ல போகட்டுமே என்றான். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அடுத்த பஸ் இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது, இப்படி ஒரு தூக்கம் அந்தப் பிள்ளைக்கு எப்போது கிடைக்கப் போகிறது. பஸ் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓரம் கட்டியது. சீனித்தாய் குனிந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரி செல்வம். எந்திரிய்யா."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் முகம் முழுக்க மலர்ந்தது. சின்னப் பிள்ளைக்கு மலர்கிற மாதிரி மலர்ந்தது.

"இந்தா, எந்திரிச்சிட்டேன்மா," என்றான்.

ஒருத்தி சாகிற வரைக்கும் காத்துக் கிடந்த பதில் அது. அதைக் கேட்டுவிட்டுச் சீனித்தாய் வாயை இறுக மூடிக்கொண்டாள், அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவள் தானில்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்து, யார் என்று தெரிந்துகொள்கிற வரைக்கும் அவள் அசையாமல் இருந்தாள்.